அருகில் காட்டுத்தீ எரியும்போது தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு சிறிய ஊர் எப்படித் துணைநிற்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில நூறு வீடுகளே உள்ள ஓர் ஊருக்கு அருகில் பெருந்தீ மூண்டால், ஓரிரு நாள்களுக்குள் ஊரின் மக்கள்தொகையைவிட அதிகமான தீயணைப்பு வீரர்கள் அங்கே வந்து தங்க நேரிடுவதுண்டு. அவர்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் ஊராருக்குத் தானாகவே வருகிறது. அந்த எண்ணத்தை அவர்களுக்குப் பாரமாகாத வகையில் செயலாக்குவதுதான் கடினம். ஊர்ப் பொதுமக்கள், தன்னார்வலர்கள், சிறு அமைப்புகளை நடத்துவோர் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

தீ மூண்ட முதல் நாளில் ஊரார் செய்ய வேண்டியது என்ன?

வெளியேறும்படி உத்தரவு வந்திருந்தால் வெளியேறுவதுதான் முதல் உதவி. வீரர்களுக்குச் சமைத்துப் போட வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு பின்தங்கி நிற்பவர், தீ நெருங்கும் நேரத்தில் அவர்கள் தேடி வந்து மீட்க வேண்டிய இன்னோர் உயிராக ஆகிவிடுகிறார். அந்த நேரத்துக்கு ஒரு வண்டியும் நான்கு வீரர்களும் தீயின் முனையிலிருந்து விலக வேண்டியிருக்கும்.

உத்தரவு வராத நிலையில், ஊர் சார்பில் பேசுவதற்கு ஒரே ஒரு தொடர்பாளரையும், அவர் உறங்கும் நேரத்தில் பொறுப்பேற்க ஒரு மாற்றாளரையும் தேர்ந்தெடுத்து, அவ்விருவரின் தொலைபேசி எண்களை எல்லோருக்கும் தெரிவிப்பது நல்லது. செல்வாக்கு மிக்கவரைவிட, நிதானமாகப் பேசுபவரும் சொன்னதைச் சொன்னபடி எழுதி வைப்பவருமே இப்பொறுப்புக்குப் பொருத்தமானவர்.

நாங்களும் போய்த் தீயை அணைக்கக் கைகொடுக்கலாமா?

முன்கூட்டியே பயிற்சி பெற்று, தீயணைப்பு அமைப்பில் பதிவு செய்திருந்தாலொழியக் கூடாது. ஆஸ்திரேலியாவின் கிராமப்புறங்களில் தீயணைப்போரில் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்தாம் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் தீ மூண்ட அன்று மண்வெட்டியோடு ஓடி வந்தவர்கள் அல்லர், அமைதியான மாதங்களில் பயின்று, உடையும் கருவிகளும் பெற்று, ஒரு குழுத் தலைவரின் கீழ் இயங்கிப் பழகியவர்கள்.

காட்டுத்தீயின் போக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாது. சரிவு ஒவ்வொரு 10 பாகை செங்குத்தாகும்போதும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது களத்தில் பின்பற்றப்படும் கணக்கு. காற்று திசை மாறினால், அதுவரை அமைதியாகப் பக்கவாட்டில் எரிந்துகொண்டிருந்த நீண்ட விளிம்பு முழுவதும் சில நிமிடங்களில் வேகமாக முன்னேறும் தீயின் முனையாகிவிடும். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட தீயில் மாலையில் நேர்ந்த காற்று மாற்றம் இதைத்தான் செய்தது. 2013 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் யார்னெல் ஹில் தீயில் இறந்த 19 பேரும் பயிற்சி பெற்ற ஒரு சிறப்புக் குழுவினர். இடிமழை மேகத்திலிருந்து பாய்ந்த காற்று தீயைத் திருப்பியபோது தப்ப வழியின்றிச் சிக்கினார்கள். பயின்றவர்களுக்கே இந்நிலை என்றால், சாதாரண உடையில் செல்பவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

உதவி தேவையா என்பதை யாரிடம் கேட்பது?

பெரிய தீயில் பணி பகுக்கப்பட்டிருக்கும்: களத்தை வழிநடத்துவோர் ஒரு பிரிவு, திட்டமிடுவோர் ஒரு பிரிவு, உணவு, எரிபொருள், தங்குமிடம், கருவிகள் ஆகியவற்றைக் கவனிக்கும் வழங்கல் பிரிவு மற்றொன்று. ஊரின் தொடர்பாளர் பேச வேண்டியது இந்த வழங்கல் பிரிவோடுதான். வழியில் நிறுத்திய வண்டியின் ஓட்டுநரிடம் கேட்டால், "எதுவும் வேண்டாம், நன்றி" என்றோ, "எது கொடுத்தாலும் சரி" என்றோதான் பதில் வரும். இரண்டும் பயன்படாத பதில்கள்.

"என்ன உதவி வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்பதையும் தவிர்க்கலாம். "நாளை மாலை 60 பேருக்கு இரவு உணவு தர முடியும், தேவையா? எத்தனை மணிக்கு, எந்த வாயிலில்?" என்று அளவும் நேரமும் சேர்த்துக் கேட்டால், களைத்துப்போன அதிகாரியால் ஒரே சொல்லில் விடை சொல்ல முடியும். வேண்டாம் என்ற விடை வந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஒப்பந்த அடிப்படையில் உணவு வந்துகொண்டிருக்கலாம்.

வீட்டில் சமைத்த உணவைக் கொடுக்கலாமா?

சில அமைப்புகள் ஏற்கும், சில ஏற்பதேயில்லை. மறுத்தால் அதை அவமதிப்பாகக் கொள்ளக் கூடாது. ஒரே பாத்திரத்து உணவால் ஒரு முகாமில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அன்று தீத்தடுப்புக் கோட்டில் (தீ தாண்டிப் பரவாதபடி செடிகொடிகளை அகற்றி வெட்டிய பட்டையில்) பாதி ஆள் இல்லை என்று பொருள். கடும் உழைப்பிலும் வெப்பத்திலும் ஏற்கெனவே நீர் இழந்த உடலுக்கு அது ஆபத்தும்கூட.

ஏற்றுக்கொள்ளும் இடங்களில் ஒரு விதியை விடாமல் பின்பற்றினால் பெரும்பாலான சிக்கல்கள் வராது. சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த உணவைப் பரிமாறக் கூடாது. வீரர்கள் சொன்ன நேரத்துக்கு வருவது அரிது, ஏழு மணிக்கு என்றால் பத்து மணிக்கும் வரலாம் என்பதால், நேரம் தவறினாலும் கெடாத உணவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் உள்ளே இருப்பது என்ன, இறைச்சி உண்டா, கடலை வகைகள் உண்டா, எத்தனை மணிக்குச் சமைத்தது என்று எழுதி ஒட்டுவது அவசியம்.

அளவைப் பொறுத்தவரை, வழக்கமான விருந்துக் கணக்கு இங்கே உதவாது. காட்டுத்தீயோடு போராடும் ஒருவர் ஒரு நாளில் 4,000 முதல் 6,000 கிலோகலோரி வரை செலவிடுகிறார். அலுவலக வேலை பார்ப்பவரின் தேவையைப் போல இது ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ ஆகும். இவ்வளவையும் இரண்டு வேளைச் சாப்பாட்டில் நிரப்ப முடியாது. ஆகவே, சட்டைப்பையில் நசுங்காமல் கிடந்து, கையுறையைக் கழற்றியவுடன் ஒரு கையால் எடுத்து உண்ணக்கூடிய கொட்டைப்பருப்பு வகைகள், உலர்பழங்கள் போன்ற சிறு பொட்டலங்களுக்கு, அழகாக அடுக்கிய விருந்துத் தட்டைவிட மதிப்பு அதிகம்.

தண்ணீர் எவ்வளவு தேவைப்படும்?

வெயிலில் உழைக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. ஒருவர் ஒரு பணிவேளையில் 8 முதல் 10 லிட்டர் குடிப்பது வியப்பன்று. முத்திரை உடையாத பாட்டில்களாக, நிழலில் வைத்து, முடிந்தால் பனிக்கட்டியோடு கொடுக்கலாம். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும்கூட வரக்கூடும் என்பதால், உப்பும் சர்க்கரையும் கலந்த பானங்களையும் உப்புச் சுவையுள்ள தின்பண்டங்களையும் கூடவே வைப்பது சரி. காஃபின் மிகுந்த "எனர்ஜி" பானங்களைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. பணிவேளை முடிந்து வருபவருக்குத் தேவைப்படுவது உறக்கம்.

எந்தப் பொருள்களைச் சேகரிக்கலாம்?

கேட்டதை மட்டும் சேகரிக்கலாம். பழைய துணி, பயன்படுத்திய காலணி, வீட்டில் மிச்சமிருந்த மருந்து, பிரித்துவைத்த தின்பண்டம் ஆகியவை வந்து குவிந்தால், அவற்றைப் பிரிக்கவும் அடுக்கவும் பின்னர் அப்புறப்படுத்தவும் ஆள் வேண்டும். பேரிடர் மேலாண்மைத் துறையினர் இந்தக் குவியலை இரண்டாவது பேரிடர் என்றே அழைக்கிறார்கள். எழுதுவதற்குச் சற்றுச் சங்கடமாக இருந்தாலும், நன்கொடை என்ற பெயரில் அலமாரியைக் காலி செய்யும் பழக்கம் எல்லா இடங்களிலும் இருக்கிறது.

பெரும்பாலும் கேட்கப்படுபவை சிறியவை. தடித்த புதிய பருத்தி அல்லது கம்பளிக் காலுறைகள் முதலிடம் பெறும். அதற்குக் காரணம் வேண்டுவோர், மாலையில் ஒரு குழு திரும்பிக் காலணியைக் கழற்றும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். வியர்வையும் சாம்பலும் சேர்ந்து காலுறை காலோடு ஒட்டிக்கிடக்கும்; உரித்தெடுக்கும்போது குதிகாலில் கொப்புளத்தின் தோலும் கூடவே வரும். அதே காலோடு மறுநாள் விடியற்காலையில் மலையேற வேண்டும். காலுறைக்கு அடுத்து, கொப்புளத்தில் ஒட்டும் பட்டை, பாதங்களுக்கான பொடி, கண் கழுவும் உப்புநீர், உதட்டுக்கான களிம்பு, ஈரத்துடைப்பான், சோப்பு, தொலைபேசி மின்னேற்றிகள், காது அடைப்பான்கள் ஆகியவை வரும். செயற்கை இழைத் துணிகளைத் தவிர்க்க வேண்டும்; வெப்பத்தில் அவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பொருளுக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பெரும்பாலான நேரங்களில் அதுவே மேல். தேவை நாளுக்கு நாள் மாறும்போது பணமும் கூடவே மாறும், காலுறைப் பெட்டி மாறாது. வசூலிப்பவர் இருவராக இருந்து, வந்ததையும் செலவானதையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் நாள்தோறும் எழுதி ஒட்டினால் பின்னால் பேச்சு வராது.

உணவு, பொருள் தவிர ஊரால் தரக்கூடிய பெரிய உதவி எது?

உறக்கம். பலரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் காட்டுத்தீ விதிமுறைகளில் இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஓய்வு என்ற விகிதமும், தொடர்ந்து 14 நாள்கள் என்ற பணி எல்லையும் வகுக்கப்பட்டுள்ளன. அப்படியானால் 16 மணி நேரம் உழைத்தவருக்குக் கிடைப்பது 8 மணி நேரம். அதற்குள்ளேயே பயணம், குளியல், உணவு, கருவிகளைத் தீட்டுதல் எல்லாம் முடிய வேண்டும். மீதமிருக்கும் உறக்கத்தை ஒரு ஒலிபெருக்கியோ, வாயிலில் நின்று கைதட்டும் கூட்டமோ குலைத்துவிடக்கூடும். உறக்கமிழந்தவர் தவறாக முடிவெடுப்பார். மரம் அறுக்கும் பொறியும் எரியும் மரங்களும் உள்ள இடத்தில் அந்தத் தவறின் விலை அதிகம்.

ஊரில் பள்ளியோ, சமூகக் கூடமோ, வழிபாட்டுத் தலத்தின் மண்டபமோ இருந்தால் அதை வழங்கலாமா என்று கேட்கலாம். தருவதாக முடிவானால், அவ்விடத்தில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோரும் இருப்பார்கள் என்பதை நினைவில் கொண்டு ஜன்னல்களைக் கருந்துணியால் மறைப்பது, மணி அடிப்பதை நிறுத்துவது, அந்தத் தெருவில் வாகனங்களை வேறு வழியில் திருப்புவது, நாய்களைத் தொலைவில் கட்டுவது ஆகியவற்றைச் செய்யலாம். கதவுகளையும் ஜன்னல்களையும் மூடிவைத்துக் காற்று வடிகட்டியை ஓடவிட்டால் புகையற்ற காற்றும் கிடைக்கும். பகல் முழுவதும் புகையைச் சுவாசித்தவருக்கு அதைவிடப் பெரிய கொடை வேறில்லை என்பது இதை எழுதுபவரின் கருத்து.

வாயிலுக்கு வெளியே ஒரு மேசையில் தண்ணீர், சோப்பு, துண்டு ஆகியவற்றை வைக்கலாம். சாம்பலில் உள்ள நச்சுப்பொருள்கள் கைவழியே உணவுக்கும் தோல்வழியே உடலுக்கும் செல்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தீயணைப்புத் தொழிலையே 2022இல் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகையில் சேர்த்தது. அதனால்தான் காலணிகளையும் மேலுடைகளையும் உறங்கும் இடத்துக்குள் கொண்டுவராமல் வெளியே வைக்கச் செய்கிறார்கள். அவர்களுடைய உடைகளைத் துவைத்துத் தர விரும்புவோர், வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல், கையுறை அணிந்து தனியே துவைக்க வேண்டும். தீத்தடுப்பு உடைகளுக்கு வெளுப்பானும் துணி மென்மையாக்கியும் ஆகாது.

எங்களுக்கு இந்த நிலப்பகுதி நன்றாகத் தெரியும். அந்த அறிவு அவர்களுக்குப் பயன்படுமா?

பயன்படும். செயற்கைக்கோள் படமும் வரைபடமும் கையில் இருந்தாலும், வேற்றிடத்திலிருந்து வந்த குழுவுக்கு நிலம் புதிது. எந்தப் பாலம் தண்ணீர் நிரப்பிய கனரக வண்டியைத் தாங்காது, எந்த வாயிலுக்குப் பூட்டு உண்டு, சாவி யாரிடம், எந்தப் பாதை முடிவில் அடைபட்டுத் திரும்ப முடியாமல் போகும், பிற்பகலில் எந்தப் பள்ளத்தாக்கின் வழியே காற்று ஏறி வரும், எங்கே கைவிடப்பட்ட கிணறு புதருக்குள் மறைந்திருக்கிறது என்பவை எந்தப் படத்திலும் இருக்காது.

இவற்றை ஒரு பெரிய தாளில் வரைந்து கொடுப்பது வாய்மொழியாகச் சொல்வதைவிட நல்லது. நடுவில் சாலை, அதன் இருபுறமும் வாயில்களை எண்ணிட்டுக் குறித்து, ஓரத்தில் அந்தந்த எண்ணுக்கு நேரே உரிமையாளர் பெயரும் சாவி இருக்குமிடமும். நீர்நிலைகளுக்கு ஒரு நிறம், வண்டி திரும்பக்கூடிய இடங்களுக்கு வேறு நிறம். நடமாட இயலாத முதியவர் வசிக்கும் வீடுகளுக்கு ஒரு வட்டம். எரிவாயு உருளைகளும் பூச்சிக்கொல்லிகளும் சேமித்து வைத்த கொட்டகைகளுக்கு ஒரு பெருக்கல் குறி. வரைந்தவரின் பெயரையும் தேதியையும் கீழே எழுத வேண்டும். உறுதியாகத் தெரியாததைக் குறிக்கவே கூடாது. இருக்கிறது என்று காட்டிய பாதை பத்து ஆண்டுகளாக மூடிக்கிடந்தால், அதை நம்பிச் சென்ற வண்டி அகப்பட்டுக்கொள்ளும்.

இந்த வரைபடத்தில் தனிமனிதர்களின் விவரங்கள் இருப்பதால், அது வழங்கல் அல்லது திட்டமிடல் பிரிவின் கைக்கு நேரே போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

எங்கள் குளத்திலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். கரைக்கு வண்டி வர வழி உண்டா, கோடையில் ஆழம் எவ்வளவு, குறுக்கே மின்கம்பி செல்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் தொங்கு வாளியில் நீர் அள்ளத் தொடங்கிவிட்டால், படகு, வலை, மிதவைகள் ஆகியவற்றை அகற்றிவிட்டு மக்கள் கரையிலிருந்து விலகி நிற்க வேண்டும். சுழலிகளின் காற்று தகரத்தையும் கிளையையும் தூக்கி எறியும். ஏரிகளில் இறங்கி நீர் அள்ளும் சிஎல்-415 வகை விமானம் சுமார் 12 விநாடிகளில் 6,000 லிட்டருக்கும் மேல் நிரப்பிக்கொள்ளும். அதன் பாதையில் ஒரு மீன்பிடிப் படகு நின்றாலும் அந்த முயற்சி வீண்.

ட்ரோன் மூலம் தீயின் நிலையைப் படம்பிடித்து அவர்களுக்கு உதவலாமா?

கூடாது. ஒரு ட்ரோன் தென்பட்டாலே தாழப் பறக்கும் எல்லா விமானங்களையும் தரையிறக்க நேரிடும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் தீயின்போது தனியார் ட்ரோன் ஒன்று மோதி, கனடாவின் கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்திருந்த தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் துளை விழுந்து, அது சில நாள்கள் பறக்க முடியாமல் நின்றது.

சமூக ஊடகங்களில் தகவல் பகிர்வது உதவியா, இடையூறா?

எதைப் பகிர்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதிகாரபூர்வ அறிவிப்பை, அது வெளியான நேரத்தோடு, மாற்றாமல் பகிர்ந்தால் உதவி. "கிழக்குத் தெரு எரிகிறதாம்" என்று கேள்விப்பட்டதை அனுப்பினால், ஒரே வதந்தியைச் சரிபார்க்க நூறு அழைப்புகள் போகும்; உண்மையில் சிக்கியவரின் அழைப்பு காத்திருக்கும். காயமடைந்த அல்லது சோர்ந்து விழுந்து உறங்கும் வீரரின் முகத்தைப் படமெடுத்துப் போடுவது எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும் தவறு. அவருடைய வீட்டார் அந்தப் படத்தை எதிர்பாராமல் பார்க்கக்கூடும்.

சாலைகளில் நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

தேவையின்றி வண்டியை எடுக்காமல் இருப்பதே பெரிய கவனிப்பு. தீயைப் பார்க்கச் செல்வோரின் வண்டிகள் குறுகிய சாலையோரத்தில் நின்றால், மேலே செல்லும் தண்ணீர் வண்டியும் கீழே வரும் மக்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் தீயில் இறந்த 66 பேரில் பெரும்பாலோர், தப்பிச் செல்லும்போது ஒரே சாலையில் சிக்கி இறந்தவர்கள். புகைக்குள் வண்டி ஓட்ட நேர்ந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரியவிட்டு மெதுவாகச் செல்ல வேண்டும். கால்நடைகளை வெளியேற்றுவதற்குத் தீ நெருங்கும்வரை காத்திருக்காமல் முதல் எச்சரிக்கையிலேயே தொடங்கிவிட்டால், கடைசி நேரத்தில் சாலை காலியாக வீரர்களுக்குக் கிடைக்கும்.

எங்கள் வீட்டைத் தயார்ப்படுத்துவதும் அவர்களுக்கு உதவி ஆகுமா?

ஆகும். சுடர் வந்து தொட்டுத்தான் வீடு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வீடுகளில் பெரும்பகுதி, காற்றில் பறந்து வரும் கங்குகளால் பற்றுகிறது. 2009 விக்டோரியா தீயில் 30 கிலோமீட்டருக்கும் அப்பால் கங்குகள் விழுந்து புதிய தீ மூண்டது. ஆகவே கூரையிலும் அதன் ஓரத்து மழைநீர்க் கால்வாயிலும் சேர்ந்த சருகை அகற்றுவது, சுவரையொட்டி அடுக்கிய விறகையும் மரப்பலகையையும் தள்ளி வைப்பது, காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய உலோக வலை பொருத்துவது, வாசலில் கிடக்கும் மிதியடியை உள்ளே எடுத்து வைப்பது ஆகிய எளிய வேலைகளே வீட்டைக் காக்கும். பல வீடுகள் இருக்கும் தெருவில் ஒரே ஒரு தீயணைப்பு வண்டிதான் இருக்கும் என்ற நிலையில், தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும் வீடு அந்த வண்டியை அடுத்த வீட்டுக்கு விடுவிக்கிறது.

வெளியேறும்போது நீர்த்தெளிப்பானை ஓடவிட்டுச் செல்வது பலர் செய்யும் தவறு. எல்லா வீடுகளிலும் குழாய் திறந்திருந்தால் குழாய்களின் அழுத்தம் விழுந்து, வீரர்கள் குழாயை இணைக்கும்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். குழாயை மூடிவிட்டு, தோட்டக் குழாயை இணைத்தபடியும், ஏணியைக் கண்ணில் படும்படியும் விட்டுச் செல்லலாம்.

யாரெல்லாம் தன்னார்வப் பணியில் ஈடுபடக் கூடாது?

ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கருவுற்றோர், குழந்தைகள், முதியோர் ஆகியோர் புகை உள்ள வெளிப்புற வேலைகளிலிருந்து விலகி நிற்க வேண்டும். மற்றவர்களும் முகத்தோடு நன்கு பொருந்தும் என்-95 முகக்கவசம் அணிய வேண்டும். துணி முகக்கவசம் புகையின் நுண்துகளைத் தடுக்காது, என்-95 கவசமும் கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களைத் தடுக்காது. வெளியே நிற்க இயலாதவர் தொலைபேசியருகே அமர்ந்து கணக்கும் அட்டவணையும் பார்க்கலாம். அந்த இடத்துக்குத்தான் எப்போதும் ஆள் கிடைப்பதில்லை.

வீரர்களிடம் எப்படிப் பேசுவது? நன்றி சொல்ல நின்றால் தொந்தரவாகுமா?

ஒரு சொல் போதும். உண்ணும் நேரத்தில் சுற்றி நின்று அனுபவம் கேட்பது, எத்தனை வீடுகள் போயின என்று விசாரிப்பது, தம் வீடு தப்புமா என்று உறுதி கேட்பது ஆகியவை அவர்களுடைய ஓய்வை வேலையாக்கிவிடுகின்றன. அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். சிலர் எதுவும் பேசாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே உண்டுவிட்டு எழுந்து போவார்கள். அது செருக்கு அன்று, களைப்பு. சாலையோரத்தில் கட்டிய பெரிய எழுத்துப் பலகையும், குழந்தைகள் வரைந்து உணவுப் பொட்டலத்தில் செருகிய படமும் எவருடைய நேரத்தையும் கேட்பதில்லை; அவற்றைப் பல வீரர்கள் வண்டியின் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொள்வதைக் காணலாம்.

என் வீட்டை அவர்கள் காப்பாற்றவில்லை. கோபத்தை என்ன செய்வது?

கோபம் இயல்பு, நடந்ததைத் தட்டிக்கேட்பதற்கு உரிமையும் உண்டு. எந்த வீட்டுக்கு முன் நிற்பது, எதை விட்டுச் செல்வது என்ற முடிவு, அங்கே நிற்கும் குழுவுக்குத் திரும்பும் வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தே எடுக்கப்படுகிறது; அந்த முடிவை எடுத்தவர் அதைத் தம்மோடு நெடுநாள் சுமக்கிறார். கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, தீ அடங்கியபின் நடக்கும் விசாரணைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் கேட்பதே பயனுள்ளது. முகாமின் வாயிலில், அன்றைய பணிவேளை முடித்து வரும் இளைஞரிடம் கேட்பதால் விடை கிடைக்காது.

உள்ளூரிலிருந்தே தீயணைக்கச் சென்றவர்களின் குடும்பங்களுக்கு என்ன செய்யலாம்?

அவர்களைத்தான் ஊர் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு விருந்து நடக்கும் அதே நேரத்தில், உள்ளூர்த் தன்னார்வலரின் வீட்டில் ஒருவரே குழந்தைகளையும் முதியவரையும் கால்நடைகளையும் பார்த்துக்கொண்டு, வெளியேறுவதற்கான பெட்டிகளையும் கட்டிக்கொண்டிருப்பார். அந்த வீட்டின் தோட்டத்துச் சருகை அகற்றுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது, கால்நடைகளை ஏற்றிச் செல்ல ஒரு வண்டியை ஒதுக்கிவைப்பது ஆகியவை நேரடியாகத் தீயணைப்புக்கே உதவுகின்றன. வீட்டைப் பற்றிய கவலை இல்லாதவரின் கவனம் தீயின் மீது இருக்கும். அவருக்கு வேலை கொடுத்தவர், விடுப்பையும் சம்பளத்தையும் பற்றி அவர் கேட்பதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இந்த உதவியை எத்தனை நாள்களுக்குத் திட்டமிட வேண்டும்?

முதல் மூன்று நாள்களில் எல்லோரும் வருவார்கள். இரண்டாவது வாரத்தில் எவரும் இருக்கமாட்டார்கள். சுடர் கண்ணில் படாமல் போனபிறகும், தீத்தடுப்புக் கோட்டை ஒட்டி வேர்களிலும் மரத்தூர்களிலும் புதைந்த கங்குகளைக் கையால் தொட்டுப் பார்த்துத் தேடி, தோண்டி, நனைத்து அணைக்கும் வேலை பல நாள்கள், சில தீகளில் வாரக்கணக்கில், தொடர்கிறது. சாம்பலும் தூசியும் மிகுந்த, அலுப்பூட்டும் வேலை அது, செய்தியாளர்களும் போய்விட்டிருப்பார்கள். ஆகவே தொடக்கத்திலேயே தன்னார்வலர்களை மூன்று பகுதிகளாகப் பிரித்து, மூன்றாவது பகுதியினரை முதல் வாரத்தில் வீட்டிலேயே இருக்கச் சொல்லும் துணிவு தொடர்பாளருக்கு வேண்டும். அவர்களுக்கு அது பிடிக்காது. பத்தாம் நாளில் அவர்கள்தாம் களைப்பின்றி இருப்பார்கள்.

முகாம் கலைந்தபின் செய்ய வேண்டியவை எவை?

மீந்த பொருள்களைக் கணக்கிட்டு, முத்திரை உடையாதவற்றை வீடிழந்தோருக்கோ அடுத்த தீயின் முகாமுக்கோ அனுப்பலாம். கூடத்தின் தரையையும் சுவரையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் சாம்பல் மீண்டும் காற்றில் எழும். விமானம் தூவிய சிவப்பு நிறத் தீத்தடுப்புக் கலவை வீட்டின் மீது படிந்திருந்தால், பெரும்பாலும் அமோனியம் உர உப்புகள் கொண்ட அதைக் காய்ந்து இறுகுவதற்குள் தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவிய நீர் குளத்துக்கோ கிணற்றுக்கோ போகாதபடி திருப்பிவிட வேண்டும், ஏனெனில் அது மீன்களுக்கு ஆகாது. எரிந்த சரிவுகளின் கீழே வசிப்போர் முதல் பெருமழைக்கு முன்பே நிலச்சரிவு, சேற்றுவெள்ளம் ஆகியவற்றுக்கான வெளியேறும் வழியை முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த நாளிலும் முதலில் வருபவர்கள் பெரும்பாலும் அதே தீயணைப்பு வீரர்களாகவே இருப்பார்கள் என்பதால், தொடர்பாளரின் எண்ணையும் கைவரைபடத்தையும் புதுப்பித்து உள்ளூர் நிலையத்தில் கொடுத்து வைக்கலாம்.